ஜோஷுவாவை ரூயிஸ் சாய்ச்சுட்டான்: நாலு தடவை தரை, 7வது ரவுண்டு

#1 கடைசிபெல் | 2 ஜூன் 2019, காலை 8:41

டீ ஆறி ஆடை கட்டிப்போச்சு. எடுத்துக் குடிக்கத் தோணல.

நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இப்பதான் முடிஞ்சுது. குத்துச்சண்டை ஹெவிவெயிட் சாம்பியன் அந்தோணி ஜோஷுவாவை (ஏஜே) ஆண்டி ரூயிஸ் 7வது ரவுண்டு 1:27ல முடிச்சுட்டான். ஜோஷுவா 22 ஃபைட், 22 வெற்றி, அதுல 21 நாக்அவுட்னு வந்தவன். அமெரிக்காவுல முதல் ஃபைட். டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ, ஐபிஓன்னு நாலு உலக அமைப்பு தந்த சாம்பியன் பெல்ட் எல்லாம் போச்சு. ஹெவிவெயிட்ல மெக்சிகோ வம்சாவளியில வந்த முதல் சாம்பியன் ரூயிஸ்தான்.

தூங்கிட்டவங்களுக்கு: முதல்ல விழுந்தது ரூயிஸ்! 3வது ரவுண்டுல ஒரு இடது ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு விடற குத்து), பொத்துனு உக்காந்தான். அவன் கரியர்லயே இதுதான் முதல் நாக்டவுன். சரி கதை முடிஞ்சுதுன்னு நான் அடுப்பை நிறுத்தப் போயிட்டேன். திரும்பி வந்தா ஜோஷுவா தரையில கிடக்கான். ரீப்ளேவோன்னு நினைச்சேன். அதே ரவுண்டு முடியறதுக்குள்ள இன்னொரு தடவை. 7வதுல மேலும் ரெண்டு. கடைசியில மவுத்கார்டைத் துப்பிட்டு, கார்னர்ல கயித்து மேல ரெண்டு கையையும் போட்டுட்டு நின்னான். ரெஃப்ரி கையை ஆட்டிட்டார்.

பார்த்தவங்க வாங்க. எனக்கு யார்கிட்டயாவது பேசணும். வீட்ல எல்லாரும் தூங்கறாங்க.

#2 ஏஜே_வெறியன் | காலை 8:47

லக்கி பன்ச். அவ்ளோதான். ரீமேட்ச்ல ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டான் அந்த குண்டன்.

#3 மதியச்சோறு | காலை 8:49

நாலு தடவை விழுந்தா நாலு லக்கா தம்பி? ஒரே நாள்ல நாலு லாட்டரி யாருக்கு விழும்?

#4 வடக்கு_ஜாப் | காலை 9:05

இன்னாபா லக்கு. 3வது ரவுண்ட மறுபடி போட்டுப் பாரு, சவுண்டை ஆஃப் பண்ணிட்டுப் பாரு. கமெண்ட்ரி கேட்டா கண்ணு அவன் சொல்ற எடத்துக்குத்தான் போவும்.

ரூயிஸ் விழுந்து எழுந்தான். ஏஜே இன்னா பண்ணான்? ஜாபை, அதான் முன் கைய நேரா நீட்டிக் குத்தறத, மறந்துட்டான். ரெண்டு கையும் விரிச்சா அவனுக்கு 82 இஞ்ச், இவனுக்கு 74. எட்டு இஞ்ச் நீளம்! அத்த வெச்சுக்கினு தூர நின்னு தட்டிக்கினே இருந்தா ரூயிஸ் கிட்டயே வர முடியாது. ஆனா முடிச்சுடலாம்னு ஆசை. உள்ள பூந்து கைய வீசினான். கிட்ட போயிட்டா நீளக் கை இருக்கறவனுக்குத்தான் கஷ்டம். மடக்கி, விரிச்சு, சுத்திக்கினு வரணும். குட்டக் கைக்காரன் முழங்கைய மடிச்ச மேனிக்கே நாலு போட்டுடுவான். ரூயிஸ் போட்டான். மொத இடி சரியா நெத்திப்பொட்டுல.

அந்தத் தொப்பைய பாத்து எல்லாரும் சிரிச்சீங்க. நான் அவன் கைய பாத்துக்கினு இருந்தேன். ஹெவிவெயிட்ல அந்த வேகம் இப்ப வேற யாருக்கும் இல்ல.

#5 ஏஜே_வெறியன் | காலை 9:11

அண்ணே, இப்ப வந்து எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. நேத்து ஃபைட்டுக்கு முன்னாடி இழையில ரூயிஸ் ஜெயிப்பான்னு ஒருத்தர் கூட எழுதல. நீங்களும்தான்.

#6 வடக்கு_ஜாப் | காலை 9:14

நாயமான கேள்வி. எழுதல. எட்டாவது ரவுண்டுல ஏஜே முடிப்பான்னு சித்தப்பா பையன்கிட்ட பிரியாணி பந்தயம் வேற கட்டினேன்.

#7 தேம்ஸ்கரையான் | காலை 9:22

நான் இஞ்ச லண்டனில. விடிய விடிய முழிச்சிருந்து பாத்தனாங்கள். அக்காவின்ர மோன் பத்து வயசு, ஏஜேயின்ர பெரிய விசிறி. படம் போட்ட பெனியனோட சோஃபாவில ஏறி நிண்டவன். ரூயிஸ் விழேக்க அவன் துள்ளின துள்ளில பக்கத்து வீட்டுக்காரர் சுவரில தட்டினவை. பிறகு சத்தமே இல்லை. ஏழாம் ரவுண்டு முடிய ஒண்டும் கதைக்காமல் போய்ப் படுத்திட்டான். போய்ப் பாத்தன், தலையணைக்குள்ள முகத்தை வச்சு அழுகை. ஞாயிறு எண்டபடியால் பள்ளிக்கூடம் இல்லை, தப்பினம்.

உங்க இருக்கிற ஆக்களுக்கு ஏஜே இஞ்ச என்ன மாதிரி எண்டு விளங்காது. வாட்ஃபர்ட் பொடியன், நைஜீரியக் குடும்பம், 2012இல லண்டன் ஒலிம்பிக் தங்கம். பஸ் தரிப்பிடத்திலயும் அவன்ர முகம், ஜிம்மிலயும் அவன்ர முகம். 2017இல வெம்ப்ளி அரங்கில முன்னாள் சாம்பியன் கிளிட்ச்கோவோட அடிபட்ட நாள் 90,000 சனம். நானும் சனத்துக்குள்ள ஒராள், மேல கடைசி வரிசையில. எறும்பு மாதிரித்தான் தெரிஞ்சவன், ஆனால் காசு வீண் இல்லை.

#8 கடைசிபெல் | காலை 9:40

அந்த கிளிட்ச்கோ ஃபைட்டைச் சொன்னீங்களே, அதைத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன். அங்கயும் இதேதான் நடந்துச்சு. 5வது ரவுண்டுல கிளிட்ச்கோவை விழ வெச்சான். உடனே முடிக்கணும்னு மூச்சு முட்ட அடிச்சு அவனே களைச்சுப்போனான். 6வதுல அவன் விழுந்தான். கிளிட்ச்கோவுக்கு அப்ப 41 வயசு. ஜாக்கிரதைக்காரர், பாய்ஞ்சு முடிக்கல. நேரம் கொடுத்தார். ஜோஷுவா தேறி வந்து 11வதுல ஜெயிச்சான். அதை நாம எல்லாம் "சிங்கத்தோட இதயம்"னு கொண்டாடினோம். அது எச்சரிக்கைன்னு யாரும் எடுத்துக்கல. அவனும் எடுத்துக்கல போல.

ரூயிஸ் நேரம் கொடுக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்.

#9 பழையபேப்பர் | காலை 10:02

ரிட்டையர் ஆன மனுஷன், மெதுவாத்தான் டைப் செய்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990 பிப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் அன்றைக்கு 37–0. எதிரே பஸ்டர் டக்ளஸ். பெரும்பாலான சூதாட்ட விடுதிகள் அந்த ஃபைட்டுக்குப் பந்தயமே வாங்கவில்லை. லாஸ் வேகாஸில் மிராஜ் மட்டும் 42க்கு 1 (டக்ளஸ் மேல் ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் 42 டாலர்) என்று போட்டது. நேற்று ரூயிஸுக்கு 11க்கு 1 என்றார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டக்ளஸின் அம்மா இறந்து 23 நாள்தான் ஆகியிருந்தது.

டைசனுக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. வீக்கத்தை அழுத்த வைத்திருக்கும் குளிர்ந்த இரும்புக் கட்டி அவர் கார்னரில், அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே கவனிக்கும் உதவியாளர்களிடம், இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பி வைத்து ஒத்தினார்கள். உலகத்திலேயே அதிகம் சம்பாதிக்கும் குத்துச்சண்டைக்காரரின் கார்னர்! பழைய பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988லேயே அனுப்பியாகிவிட்டது. சுற்றி இருந்தவர்களுக்கு "ஆமாம் சாமி" போடத்தான் தெரியும்.

8வது ரவுண்டில் டைசனின் அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே வரும் குத்து) டக்ளஸ் விழுந்தார், எழுந்தார். 10வதில் டைசன் விழுந்தார். அப்போது எங்கள் வீட்டில் தூர்தர்ஷன் மட்டும்தான். ஃபைட்டைப் பார்க்கவில்லை, பேப்பரில் படம்தான் பார்த்தேன். நாலு காலில் ஊர்ந்துகொண்டு மவுத்கார்டைத் தேடுகிறார். அகப்பட்டதும் அதைக் கோணலாகக் கடித்துக்கொண்டு எழ முயல்கிறார், ஒரு முனை வெளியே தொங்குகிறது. இன்று ஜோஷுவா மவுத்கார்டைத் துப்பியபோது எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. ஒருத்தர் தேடினார், ஒருத்தர் துப்பினார்.

அப்போதும் "லக்" என்றுதான் சொன்னார்கள், தம்பி. டைசனின் ஃபைட்டுகளை நடத்திய டான் கிங் நாள் முழுக்க நடந்து, 8வது ரவுண்டில் ரெஃப்ரி மெதுவாக எண்ணினார் என்று புகார் கொடுத்தார். டபிள்யூபிஏவும் டபிள்யூபிசியும் முதலில் டக்ளஸை ஏற்கவே இல்லை. ஊர் உலகம் காறித்துப்பிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள்.

#10 மதியச்சோறு | காலை 10:10

சார், அந்த ரப்பர் கையுறை விஷயம் இப்பதான் கேள்விப்படறேன். எங்க தெரு டாக்டர் கூட ஐஸ்பேக் வெச்சிருப்பார்.

சரி, ஒரு சந்தேகம். ரெஃப்ரி நிறுத்தினது சரியா? ஜோஷுவா எழுந்துட்டானே. நான் ஆடறேன்னுதானே சொன்னான்?

#11 ஏஜே_வெறியன் | காலை 10:13

அதான்! எண்ணி முடிக்கறதுக்குள்ள எழுந்தாச்சு. சாம்பியனுக்கு ஒரு சான்ஸ் தரணும். கிளிட்ச்கோ ஃபைட்ல தந்தாங்கல்ல?

#12 வடக்கு_ஜாப் | காலை 10:38

வாயால சொன்னது வேற, ஒடம்பு சொன்னது வேற. ரெஃப்ரி மைக் கிரிஃபின் முன்னால வா, முன்னால வான்னு கூப்புடறாரு. இவன் கார்னரை வுட்டு வர்ல. கை கயித்து மேல. அந்த நிலமைல ஒருத்தன ரூயிஸ் முன்னாடி வுட்டா நாளைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல யாரு நிக்கறது?

பொட்டுல வாங்கறது இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தாடைல வாங்கினா லைட்டு அணையும், முடிஞ்சுது. காதுக்கு மேல, பொட்டுல வாங்கினா அணையாது. பேஜாரே அங்கதான். எனக்கு அப்ப பதினேழு வயசு. எங்க ஏரியா கிளப்ல ஸ்பாரிங் (பயிற்சி மோதல்), எதிர்ல என்னை விட மூணு வயசு பெரியவன். ஒரு ஹூக்கு. வலியே இல்ல. மண்டை தெளிவா இருக்கு, வாத்தியார் பேசறது கேக்குது, பதில் கூட சொல்றேன். ஆனா காலு வேற யாரோடதோ. தரை படகு மாரி ஒரு பக்கம் சாயுது. நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு ரிங்கை வுட்டு எறங்கினேன். செருப்பு மாட்டணும். கட்டைவிரல் அந்த வாரைத் தேடுது, தேடுது, கெடைக்கல. செருப்பு அங்கதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. கடைசில கீழ குந்தி கையாலதான் மாட்டினேன். வாத்தியார் பாத்துக்கினே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் கிளவுஸைக் கண்ணுல காட்டல.

4, 5, 6 மூணு ரவுண்டும் ஏஜே அந்த செருப்பைத்தான் தேடிக்கினு இருந்தான்.

#13 ஏஜே_வெறியன் | காலை 10:44

...

சரிண்ணே. இதை ஒத்துக்கறேன்.

#14 தேம்ஸ்கரையான் | காலை 10:51

வடக்கு அண்ணை, அப்ப நான் கேக்கிறன், ஏன் அவன் கட்டிப்பிடிக்கேல்லை? கிளிட்ச்கோ எண்டால் தோளில சாய்ஞ்சு, கழுத்தை அமத்தி, ரெஃப்ரி வந்து பிரிக்கு மட்டும் விட்டிருக்க மாட்டான். சனம் கூ அடிக்கும், அடிக்கட்டும். பெல் அடிக்கும் தானே.

#15 வடக்கு_ஜாப் | காலை 11:02

சரியா புடிச்சீங்க. ஏஜே பதினெட்டு வயசுல கிளவுஸ் மாட்டினவன். அஞ்சு வருஷத்துக்குள்ள ஒலிம்பிக் தங்கம். அது சாதாரண விசயம் இல்ல, தெய்வப் பிறவி ஒடம்பு. ஆனா ரூயிஸ் சின்னப் பையன்லேந்து அமெச்சூர்ல ஊறினவன். விழுந்து, அடிபட்டு, மூக்கு உடைஞ்சு, அப்ப இன்னா பண்ணணும்னு அவன் ஒடம்புக்குத் தெரியும். விழுந்து எழுந்ததும் மூஞ்சியப் பாத்தீங்களா? பதட்டமே இல்ல. ரேஷன் கடை க்யூல நிக்கறவன் மாரி நின்னான். ஏஜேக்கு அடிக்க வரும். அடிபட்டதும் ஒளிய இன்னும் வரல. கத்துக்கலாம், 29 வயசுதான்.

#16 மதியச்சோறு | காலை 11:20

முதல்ல ஏஜேயோட மோத வேண்டிய ஆள் ஜாரெல் மில்லர்தானே? 300 பவுண்டுக்கு மேல, மெதுவா முன்னாடி தள்ளிட்டே வர்ற டைப். ஊக்கமருந்து டெஸ்ட்ல ஒண்ணு இல்ல, மூணு மாட்டினாரு. ரூயிஸ் ஏஜேயோட ஃபைட்டை நடத்தற எடி ஹெர்னுக்கு இன்ஸ்டாகிராம்ல மெசேஜ் போட்டு "எனக்குத் தாங்க"ன்னு கேட்டு வாங்கின சான்ஸ் இது. நான் கம்பெனிகளுக்கு இருநூறு மெசேஜ் போட்டிருக்கேன், ஒரு இன்டர்வியூ கூட வரல.

#17 கடைசிபெல் | காலை 11:34

அந்த மாற்று ஆள் விஷயத்தைத்தான் எல்லாரும் குறைச்சு எடை போட்டோம். கடைசி நேரத்துல வந்த ஆளுன்னு சொன்னோம். ஆனா ரூயிஸ் ஏப்ரல் 20தான் டிமிட்ரென்கோவை அஞ்சு ரவுண்டுல உக்கார வெச்சிருந்தான். சூடு ஆறாம வந்தான். ஜோஷுவா போன செப்டம்பர்ல போவெட்கினோட ஆடினதுக்கப்புறம் எட்டு மாசமா ரிங்குக்கே வரல. அதுக்கு மேல மில்லருக்காகத் தயாரானவன். வேகமான கைக்கு வேற மாதிரி தயாராகணும்.

ரூயிஸ் தோத்ததே ஒரு தடவைதான். 2016ல ஜோசப் பார்க்கரோட, அதுவும் பார்க்கர் ஊர் ஆக்லாந்துல. ஒரு ஜட்ஜ் 114–114னு சமமாப் போட்ட ஃபைட். அந்தப் பார்க்கர் ஜோஷுவாவோட 12 ரவுண்டு நின்னவன். இவ்வளவும் நம்ம கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. ரூயிஸோட 268 பவுண்டும் அவன் தின்ற ஸ்னிக்கர்ஸ் சாக்லேட்டும்தான் கண்ணுல பட்டுச்சு.

#18 காலிஃப்ளவர்காது | மதியம் 12:15

எல்லாரும் ஜோஷுவா ஜோஷுவான்னு. கேட்டி டெய்லர் – பெர்சூன் பெண்கள் ஃபைட் யாரும் பாக்கலியா? அதுக்கு முன்னாடி நடந்துச்சு. ஜட்ஜுங்க டெய்லருக்குக் குடுத்துட்டாங்க, ஆனா என் கணக்குல பெர்சூன்தான் ஜெயிச்சாங்க, எழுதி வெச்சுக்கோங்க. அந்த அம்மா அழுதுட்டே போனது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

#19 கடைசிபெல் | மதியம் 12:19

அதுக்குத் தனி இழை போடுங்க. நானும் வந்து திட்டறேன்.

#20 ஏஜே_வெறியன் | மதியம் 1:05

டபிள்யூபிசி சாம்பியன் வைல்டர் ட்வீட் பாத்தீங்களா? ஏஜே உண்மையான சாம்பியனே இல்லன்னு போட்டிருக்கான். தோத்து அரை நாள் ஆகல. இன்னொரு ஹெவிவெயிட் ஃப்யூரி எவ்வளவோ பரவால்ல, "ஓய்வெடு, தேறி வா"ன்னு எழுதியிருக்கான். இனி ஏஜே–வைல்டர் ஃபைட் எங்க நடக்கும்? எத்தனை கோடி போச்சு!

#21 பழையபேப்பர் | மதியம் 1:50

அந்தக் கோடிக் கணக்குதான் 1990லும் பெரிய பேச்சு. டைசன் – ஹோலிஃபீல்ட் ஜூனில் நடக்கும் என்று ஏற்பாடாகியிருந்தது. டோக்கியோ அதற்கு முன்னால் ஒரு வார்ம்அப், அவ்வளவுதான். ஒருத்தரைக் கடந்து அடுத்தவரைப் பார்த்தால் நடுவில் நிற்பவர் தட்டிவிடுவார்.

எனக்கு இப்போது ரூயிஸைப் பற்றித்தான் கவலை. டக்ளஸ் டைசனோடு 231 பவுண்டில் மோதினார். எட்டு மாதம் கழித்து ஹோலிஃபீல்டோடு மோத வந்தபோது 246. மூன்றாவது ரவுண்டில் ஒரு வலது கை, படுத்தவர் எழவில்லை. கிட்டத்தட்ட 24 மில்லியன் டாலர் கிடைத்தது, பட்டம் போனது. இந்த ஒப்பந்தத்திலும் ரீமேட்ச் ஷரத்து இருக்கிறது. திடீரென்று வந்த பணத்தையும் பார்ட்டிகளையும் ரூயிஸ் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்ப்போம். எடை பார்க்கும் நாளில் பாதி தெரிந்துவிடும்.

#22 வடக்கு_ஜாப் | மதியம் 2:30

சார் சொல்றது கரெக்ட்டு. கை நிறைய துட்டு வந்தா விடியக்காலைல ஓடறது மொதல்ல நிக்கும்.

பிரியாணி குடுத்துட்டேன். மட்டன் கேட்டான் பாவி.

#23 மதியச்சோறு | இரவு 11:08

இன்னிக்கு யாரோ ஊருக்கே செய்வினை வெச்சுட்டாங்க. உலகக் கோப்பையில பங்களாதேஷ் 330 அடிச்சு தென்னாப்பிரிக்காவை 21 ரன்ல சாய்ச்சுட்டாங்க. புதன்கிழமை இந்தியா ஆடுது, நான் டிவியே போட மாட்டேன்.

#24 கடைசிபெல் | 8 டிசம்பர் 2019, அதிகாலை 4:10

ஆறு மாசத் தூசியைத் தட்டிட்டு வர்றேன். ரீமேட்ச் முடிஞ்சுது, சவூதி அரேபியாவோட திரியாவுல. 12 ரவுண்டும் நின்னு ஜோஷுவா ஜெயிச்சான், மூணு ஜட்ஜோட ஒருமனதான தீர்ப்பு: 118–110, 118–110, 119–109. பெல்ட் எல்லாம் திரும்பி வந்தாச்சு.

பழையபேப்பர் சார், எடையில கண்ணு வெச்சதுக்கு ஒரு கும்பிடு. ரூயிஸ் 283 பவுண்டு! ஜூன்ல 268. ஜோஷுவா பத்து பவுண்டு இறக்கி 237க்கு வந்தான். மூணு மாசம் பார்ட்டியிலயே போச்சுன்னு ரூயிஸே ஃபைட் முடிஞ்சதும் ஒத்துக்கிட்டான். சாக்கு சொல்லல, அதுவரைக்கும் மரியாதை.

#25 மதியச்சோறு | காலை 7:45

ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து இதைப் பாத்தேன். ஜாப், நகர், ஜாப், நகர். எங்க அப்பா செஸ் டிவில பாப்பாரு, அது இதை விட விறுவிறுப்பு.

#26 வடக்கு_ஜாப் | காலை 8:20

எனக்கு ஏஜே ஆடின ஃபைட்லயே இதான்பா புடிச்சுது. எட்டு இஞ்ச் இருக்குல்ல, அதுல ஒரு இஞ்ச் கூட வுட்டுத்தரல. ரூயிஸ் கிட்ட வந்த நேரமெல்லாம் கட்டிப்புடிச்சான். நம்ம லண்டன்காரர் ஜூன்ல கேட்டாரே, அது. 8வது ரவுண்டுல ரெண்டு மூணு இடி ரூயிஸ் நல்லா வெச்சான், நான் எழுந்து நின்னுட்டேன். ஜூன் ஏஜேயா இருந்தா திருப்பி அடிக்கப் போயிருப்பான். இவன் புடிச்சான், சுத்தினான், வெளிய போயிட்டான்.

#27 ஏஜே_வெறியன் | காலை 8:26

ரெண்டு ரவுண்டுல முடிப்பான்னு சொன்னேன், பன்னிரண்டு ஆச்சு. ஆனா ஜெயிச்சாச்சுல்ல! தேம்ஸ் அண்ணே எங்க? மருமகன் இப்ப சந்தோஷமா?

#28 தேம்ஸ்கரையான் | பிற்பகல் 3:02

இப்பதான் எழும்பினன் தம்பி. இந்த முறை இஞ்ச பின்னேரம் ஒன்பது மணிக்குக் கிட்டத்தான் ஃபைட், முழிச்சிருக்கத் தேவையில்லை. அதே பெனியன், இப்ப வயித்துக்கு மேல நிக்குது, வளந்திட்டான். முதல் மூண்டு ரவுண்டும் கண் வெட்டாமல் பாத்தவன். பிறகு "மாமா, ஏன் ஏஜே அடிக்கிறான் இல்லை?" எண்டு கேட்டான். அடிக்கிறான், நீ இடக்கையைப் பார் எண்டு காட்டினன். பாத்தான். எட்டாம் ரவுண்டில பக்கத்தில திரும்பினன், ஆள் நல்ல நித்திரை.

வெண்டது இண்டைக்குக் காலமைதான் தெரியும் அவனுக்கு. கோக்கோ பொப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு "எத்தினையாம் ரவுண்டு நாக்அவுட்?" எண்டு கேட்டவன்.